ஒளிக்கு உருவம் தரும் அட்டை

வெறும் சுவரின்மீது ஜன்னல் கம்பிகளின் நிழல் விழுந்தால், புகைப்படத்தில் அது ஓர் அறையாகத் தோன்றும். இலைகளின் நிழல் விழுந்தால் தோப்பாகத் தோன்றும். விளக்கின் முன் வைக்கப்படும் துளையிட்ட அட்டையே இம்மாற்றத்தைச் செய்கிறது. திரைப்படத் துறையினர் இதனைக் 'குக்கலோரிஸ்' என்பர்.

ஒளி நேர்கோட்டில் செல்கிறது. ஒளிமூலம் சிறிதாயின் நிழலின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அகன்றதாயின் விளிம்பில் அரைநிழல் படரும். சூரியன் சுமார் அரை டிகிரி அகலமாகத் தோன்றுகிறது. எனவே வெயிலில் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்த அட்டையின் நிழல் விளிம்பு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் மங்கும். 1 மீட்டர் தூரத்தில் 9 மில்லிமீட்டர் மங்கும். துளை இதனினும் மிகச் சிறிதாயின் அதன் வடிவம் மறைந்து, சூரியனின் உருவமே விழும். பெங்களூர் மர்பி டவுனிலாயினும் வேறெவ்வூரிலாயினும், மரத்தடியில் காணும் ஒளிவட்டங்கள் இவ்வாறு தோன்றியவையே. 2019 டிசம்பர் 26 அன்று பெங்களூரில் சூரியன் பெரும்பகுதி மறைந்தபோது, இத்தகைய வட்டங்கள் பிறைகளாயின.

அதே நகரின் ஸ்ரீ ஜயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு பயின்ற வி. கே. மூர்த்தி, 1959இல் வெளிவந்த 'காகஸ் கே பூல்' படத்திற்காக, வெயிலையே கண்ணாடிகளால் அரங்கினுள் திருப்பி ஒளித்தூண் அமைத்தார். சமதளக் கண்ணாடி ஒளியின் திசையை மாற்றுமேயன்றி, அதனை மேலும் விரிக்காது.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இதனை எளிதிற் செய்து காட்டலாம். ஓர் அட்டையில் விரற்கடை அளவில் பல வடிவங்களை வெட்டி, சிறிய கைவிளக்கின் முன் பிடிக்கவேண்டும். உருவம் தெளிவாக வேண்டின் அட்டையைச் சுவரருகே கொண்டுசெல்க. மென்மையாக வேண்டின் விளக்கருகே கொண்டுவருக. சூடேறும் பெரிய விளக்குகளை ஒட்டி அட்டையை வைத்தால் தீப்பற்றக்கூடும். அங்கே தகரமே ஏற்றது.