கணினி வரைந்த கோடு

நுழையும்முன்

வரைவதும் வெட்டுவதும் ஆடைத்தொழிலின் தொடக்கப் படிகள். அப்படிகளில் கணினி வந்து சேர்ந்தபின் உற்பத்தி விரைவு பெற்றது. அவ்விரைவால் யார் பயன்பெற்றனர், எவருக்கு இழப்பு நேர்ந்தது, ஆறும் மண்ணும் என்னவாயின ஆகியவற்றைத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின்வழி இப்பாடம் விளக்குகிறது.

அட்டையிலிருந்து திரைக்கு

எந்திரத்திற்கு வடிவத்தைக் கற்பிக்கும் முயற்சி, கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. பிரான்சு நாட்டின் ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் ஒரு தறியமைப்பை உருவாக்கினார். எந்தெந்தப் பாவுநூல்கள் மேலெழ வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகள் அத்தறிக்கு உணர்த்தின. பிழைப்புப் பறிபோகும் என்று அஞ்சிய லியோன் நகர நெசவாளர்கள் அதனை எதிர்த்தனர். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளின்மீது காணப்படும் ஜக்கார்டுப் பெட்டி அதன் வழிவந்ததே.

எண்களால் ஆன கட்டளைகளைப் பெற்று உலோகத்தைச் செதுக்கும் எந்திரம், 1952இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டப்பட்டது. அதே கழகத்தில் 1963இல் ஐவன் சதர்லாந்து, ஒளிப்பேனாவால் திரையில் வரைய உதவும் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலை வெளியிட்டார். முன்னது கணினிவழி உற்பத்திக்கும் பின்னது கணினிவழி வடிவமைப்புக்கும் கால்கோளாயின.

துணியில் ஒரு கணக்கு

ஒரு பனியனுக்கு முன்பக்கம், பின்பக்கம், கைகள், கழுத்துப்பட்டி எனப் பல துண்டுகள் தேவை. அத்துண்டுகளைத் துணியின் அகலத்துக்குள் நெருக்கமாக அடுக்கி வரைந்த வரைபடத்தை 'மார்க்கர்' என்பர். முன்பு தேர்ந்த கட்டிங் மாஸ்டர், அட்டை வடிவங்களைத் துணியின்மீது நகர்த்திப் பார்த்துக் கோடிடுவார். இன்று கணினி, எண்ணற்ற அடுக்குமுறைகளைச் சில நிமிடங்களில் ஒப்பிட்டுச் சிறந்த ஒன்றைத் தருகிறது. அதன் கட்டளையை ஏற்று, பல அடுக்குத் துணியைத் தானியங்கிக் கத்தி வெட்டுகிறது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் அறியலாம். 1000 கிலோ துணியில் 80 விழுக்காடு ஆடையாகிறது எனக் கொள்வோம். 200 கிலோ கழிவாகும். கணினியின் துணையால் 85 விழுக்காடு ஆடையானால், அதே 800 கிலோ ஆடைக்கு ஏறத்தாழ 941 கிலோ துணியே போதும். மிஞ்சும் 59 கிலோ வெறும் துணி மட்டுமன்று. அதற்கான பருத்தி விளைய வேண்டியதில்லை; நூல் நூற்க மின்சாரம் வேண்டியதில்லை; சாயமிட நீரும் உப்பும் வேண்டியதில்லை. மாதிரி ஆடைகளைத் திரையிலேயே முப்பரிமாணத்தில் காட்டும்போது, அவற்றை மீண்டும் மீண்டும் தைத்து அனுப்பும் தேவையும் குறைகிறது.

நொய்யல் தரும் பாடம்

சேமிப்பு கணக்கில் இருந்தால் மட்டும் போதாது. விரைவாக வடிவமைத்து விரைவாக வெட்ட முடியும்போது, புதுப்புது ஆடைகளைக் குறுகிய காலத்தில் சந்தைக்கு அனுப்பும் வேட்கையும் வளர்கிறது. ஓர் ஆடைக்கான துணி குறைந்தாலும் ஆடைகளின் எண்ணிக்கை இருமடங்கானால், சாயப்பட்டறைக்குச் செல்லும் துணி முன்னைவிட மிகுந்துவிடும்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யல், சாயக்கழிவின் சுமையை நெடுங்காலம் தாங்கியது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீர் தேங்கியது. நிலத்தடி நீர் உப்பேறியது; உழவர் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரை முற்றிலும் மறுசுழற்சி செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. திரையில் வரையப்படும் கோட்டுக்கும் ஆற்றுக்கும் இடையே உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரியாதது; ஆயினும் உண்மையானது.

கைத்திறனும் கருவியும்

பின்னல்துணி இழுபடும் இயல்புடையது. சுருளாக இருந்ததை விரித்தவுடன் வெட்டினால், பின்னர் அது சுருங்கி அளவு தவறிவிடும். எவ்வகைத் துணியை எவ்வளவு நேரம் தளரவிட வேண்டும் என்பதைத் தொட்டறிந்தே சொல்லும் மூத்த தொழிலாளர் இருக்கின்றனர். கணினி தானாக இதனை அறியாது. அவர்தம் அறிவை அதற்கு யாரேனும் ஊட்ட வேண்டும். அவ்வாறு ஊட்டப்பட்டபின், அவ்வறிவுக்கு உரியவருக்கு அங்கு என்ன இடம் என்பதே இத்தொழில்நுட்பம் எழுப்பும் சமூக வினா.

கணினி அறிந்த இளைஞருக்குப் புதிய பணிகள் கிடைக்கின்றன. அதே வேளையில், வெட்டுமேசையில் பல்லாண்டு பழகியவரின் கூலி குறையவும் வேலை மறையவும் கூடும். விலைமிகுந்த எந்திரங்களைப் பெருநிறுவனங்கள் வாங்கிவிடுகின்றன. கூலிக்குத் தைக்கும் சிறு பட்டறைகளோ கடன்பட்டாலன்றி அவற்றை வாங்க இயலாது.

செய்யத்தக்கவை

மூத்த தொழிலாளருக்கு வேலைநேரத்திலேயே கணினிப் பயிற்சி அளிக்கலாம். சிறு பட்டறைகள் கூட்டுறவாக இணைந்து ஒரே வடிவமைப்பு நிலையத்தைப் பயன்படுத்தலாம். துணியின் விலையைக் கணக்கிடும் நிரலிலேயே, அதற்குச் செலவாகும் நீரையும் கணக்கிடச் செய்யலாம். வாங்குவோராகிய நாமும் ஓர் ஆடையை நெடுநாள் உடுத்தப் பழகலாம்.

கணினி, தனக்கு இடப்பட்ட இலக்கையே நிறைவேற்றும். துணியை மிச்சப்படுத்து என்றால் துணியை மிச்சப்படுத்தும். ஆற்றையும் தொழிலாளரையும் அக்கணக்கில் சேர்ப்பது, இலக்கை வகுக்கும் மனிதரின் கடமையாகும். நாளை பொறியாளராகவும் வடிவமைப்பாளராகவும் அவ்விருக்கையில் அமரப்போகும் மாணவர்கள் இதனை இன்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.