கைபேசிக்குக் கை வைத்தியம்

கூடுவாஞ்சேரியில் சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பியை முடித்துக்கொண்டு தினசரியை விரித்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர் வீட்டு டீச்சரம்மா!

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும், எங்கள் தெருவில் அவரைக் கண்டால் பெரியவர்கள்கூட மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விட்டுக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர் அன்று தலைகூடச் சரியாக வாராமல், காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கி வந்தவர் போல ஒரு செல்போனை ஏந்திக்கொண்டு நின்றார்.

"தம்பி, நேற்றிரவு முதல் இதற்குச் சார்ஜே ஏறவில்லை. ஜி.எஸ்.டி. ரோடில் ஒரு கடையில் காட்டினேன். போர்டு போய்விட்டதாம். சரி செய்தாலும் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமாம். புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறான்."

"அதுவும் நல்ல யோசனைதானே, டீச்சரம்மா? இது ஆறு வருஷத்துப் போன் அல்லவா?"

அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "புதுசில் அவர் குரல் இருக்காதே, தம்பி!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவருடைய கணவர் மாம்பலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். தினமும் மின்சார ரயிலில் திரும்பும்போது வாட்ஸ்அப்பில் மனைவிக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவார். இரண்டே வாக்கியம். ஆள் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அந்த இரண்டு வாக்கியங்கள் மட்டும் நூற்றுக்கணக்கில் இந்தப் போனுக்குள் இருந்தன.

விளக்கைப் பிடித்துப் பாருங்கள்!

நேயர்களே, நான் மெக்கானிக் இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் அனுபவத்தில் தெரியும். செல்போனுக்கு வருகிற நோய்களில் பல, ஜலதோஷ ஜாதியைச் சேர்ந்தவை. நாம்தான் பயந்துபோய் நேரே ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடுகிறோம்.

பயப்பட என்ன இருக்கிறது? இது ஏதோ தேவலோகத்து யந்திரமா? 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் நம் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள்தாம் லட்சம் லட்சமாகப் போன்களைச் செய்து அனுப்பினார்கள். இன்று அதே ஸ்ரீபெரும்புதூரில் ஐபோனைக்கூட நம் பெண்கள் பூட்டித் தருகிறார்கள். அவர்கள் பூட்டுகிற பொருளைத் துடைத்துப் பார்க்க நமக்கென்ன தயக்கம்?

முதலில் வேறு கேபிள், வேறு சார்ஜர், வேறு பிளக் பாயிண்ட் மூன்றையும் மாற்றிப் பார்த்தேன். பயனில்லை. அடுத்தபடி, சார்ஜ் போடும் துவாரத்தில் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஏதோ அடைத்திருந்தது!

"போனை எதில் வைத்துக்கொள்கிறீர்கள், டீச்சரம்மா?"

இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்துக் காட்டினார். விபூதிப் பொட்டலம், சில்லறை, பஸ் டிக்கெட், பழைய துணியின் பஞ்சு எல்லாம் அதில் ஒரே குடும்பமாக வாழ்ந்துகொண்டிருந்தன.

இப்படி அடைத்துக்கொண்டால் கேபிளின் முனை கடைசி வரை உள்ளே போகாது, மின்சாரமும் ஏறாது. போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக் குச்சியால் ஓரமாக மெள்ள மெள்ள அழுக்கை வெளியே இழுக்க வேண்டும். ஊக்கு, ஹேர்பின், ஊசி எதுவும் கூடாது. நான் ஒரு முறை ஊக்கைப் போட்டுக் குத்தி, உள்ளே இருந்த மெல்லிய தகட்டை வளைத்துவிட்டேன். பஞ்சு வந்தது, கூடவே 1,200 ரூபாய்ச் செலவும் வந்தது!

டீச்சரம்மாவின் போனிலிருந்து ஓர் உளுந்து அளவு பஞ்சு உருண்டை வெளிவந்தது. கேபிளைச் செருகினேன். இப்போது முனை 'கிளிக்' என்று உட்கார்ந்தது. ஆனால் திரை இருட்டாகவே இருந்தது. அந்த அம்மாளின் முகமும் அப்படியே.

பாட்டரி அடியோடு வற்றிவிட்ட போன் உடனே கண் திறக்காது. அரை மணி நேரமாவது சார்ஜில் விட வேண்டும். அந்த அரை மணியில் நாம் மற்ற வியாதிகளைப் பார்த்துவிடலாமா?

போன் நின்றுவிட்டால்

திரை அப்படியே உறைந்து, எங்கே தொட்டாலும் அசையாமல் இருக்கிறதா? பவர் பட்டனையும் சத்தத்தைக் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பத்து இருபது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் அணைந்து மறுபடி எழும். கம்பெனியின் சின்னம் தெரிந்ததும் விரலை எடுத்துவிடுங்கள். தவறிப்போய் இங்கிலீஷில் ஏதாவது பட்டியல் தோன்றினால், 'ரீபூட்' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். 'வைப் டேட்டா' என்ற வரியின் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். அது வீட்டையே காலி செய்துவிடும்.

இடமில்லை என்றால்

போன் ஆமையாக நகர்கிறதா? உள்ளே இடம் நிரம்பியிருக்கலாம். எதனால் என்கிறீர்கள்? ரோஜாப்பூவும் சூரியனும் போட்ட 'காலை வணக்கம்' படங்களால்! இது வேடிக்கைப் பேச்சில்லை. இந்தியர்களின் போன்கள் ஏன் நிரம்பி வழிகின்றன என்று ஆராய்ந்த கூகிள்காரர்கள், இந்த வணக்கங்களே முக்கியக் காரணம் என்று கண்டதாக 2018-இல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகை எழுதியது.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்று இருக்கும். அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்பதைத் தொட்டால், பெரிய பெரிய வீடியோக்களெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். வேண்டாததைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 'கிளியர் கேஷ்' என்பது அடுப்பு மேடையைத் துடைப்பது, பயமில்லை. 'கிளியர் டேட்டா' என்பது அஞ்சறைப் பெட்டியையே கவிழ்ப்பது!

குரல் கேட்கவில்லையா?

நீங்கள் பேசுவது மறுமுனையில் கேட்கவில்லை என்றால், போனின் உறையைக் கழற்றிப் பாருங்கள். மைக் இருக்கும் சிறு ஓட்டையை உறை மறைத்திருக்கலாம். ஸ்பீக்கர் சல்லடையில் மாவும் தூசியும் அடைத்திருந்தால், மென்மையான, உலர்ந்த புது டூத் பிரஷ் போதும்.

மணியே அடிக்காவிட்டால் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ப்ளூடூத்தையும் கவனியுங்கள். ஒரு நாள் என் மனைவி தன் தாயாருடன் பேச உட்கார்ந்தாள். போனில் சத்தமே வரவில்லை. என் மாமியார் பேசியதெல்லாம் அடுத்த அறையில் என் பக்கத்தில் இருந்த ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயத்தை அன்றுதான் தெரிந்துகொண்டேன்!

நனைந்துவிட்டால்

போன் தண்ணீரில் விழுந்தால் உடனே எடுத்து அணைத்துவிடுங்கள். சார்ஜ் மட்டும் போடாதீர்கள். சிம் தட்டை வெளியே எடுத்து, துணியால் ஒற்றி, துவாரம் கீழே பார்க்கும்படி பிடித்து லேசாகத் தட்டி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விடுங்கள்.

அரிசி டப்பாவில் புதைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வேண்டாம்! அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுதல் செய்யும் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-இல் சொல்லிவிட்டது. அரிசி சோற்றுக்கே இருக்கட்டும்.

தொடக் கூடாத வியாதி

போனில் இருக்கும் லித்தியம் அயன் பாட்டரி பெரிய மனிதர்கள் கண்ட பொருள். 1991-இல் சோனி கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்குச் சூடு ஆகாது. சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் சொல்கிறது. நம் கத்திரி வெயிலோ 40 டிகிரியைத் தாண்டும்! ஆகவே அடுப்பு மேடை, வெயில் படும் ஜன்னல், தலையணைக்கு அடியில் சார்ஜ் எல்லாவற்றையும் தவிருங்கள். சூடாகிவிட்டதென்று பிரிட்ஜில் வைக்கவும் கூடாது. உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

பின்பக்கம் உப்பி, திரை மேலே எழும்பினால், அது பாட்டரி வீக்கம். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கக்கூடும். 2016-இல் சாம்சங் கம்பெனி தன் கேலக்ஸி நோட் 7 போன்களை உலகம் முழுவதிலிருந்தும் திரும்ப வாங்கிக்கொண்டது இப்படிப்பட்ட பாட்டரிக் கோளாறினால்தான். இங்கே கை வைத்தியம் நிற்க வேண்டும். கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

கடைக்குக் கொடுக்கும் முன்

போனில் கொஞ்சமாவது உயிர் இருந்தால், படங்களையும் செய்திகளையும் முதலில் வேறிடத்தில் பிரதி எடுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ரகசிய எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று வரும்; அதை டைரியில் குறித்து வையுங்கள். அதுதான் உங்கள் போனின் ஜாதகம். பழுது பார்த்ததில் வஞ்சனை என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பழுது பார்க்கும் உரிமைக்கென்றே மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியிருக்கிறது.

அரை மணி ஆயிற்று

டீச்சரம்மா இதற்குள் கடிகாரத்தைப் பத்துத் தடவை பார்த்துவிட்டார். திடீரென்று மேஜை மேல் மினுக்கென்று ஒரு வெளிச்சம். பாட்டரிப் படமும், அதற்குள் '2' என்ற எண்ணும்!

இன்னும் சிறிது நேரம் பொறுத்துப் போனை எழுப்பினோம். நடுங்கும் விரலால் அவர் எதையோ தேடித் தொட்டார். ரயிலின் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் கேட்டது:

"பெருங்களத்தூர் தாண்டியாச்சு. டிகாஷனைப் போடு."

கூடத்தில் யாரும் பேசவில்லை. என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். டீச்சரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் கேட்கட்டுமா, தம்பி?" என்றார்.

அன்று அவரை நான் உடனே விடவில்லை. குரல் செய்திகள் அத்தனையையும் என் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, கோயம்புத்தூரில் இருக்கும் அவர் மகளுக்கு ஒரு பிரதி என்று எடுத்த பிறகே போனைக் கொடுத்தேன். யந்திரம் என்றைக்காவது ஒரு நாள் போகத்தான் போகும். அதனுள் இருப்பது போக வேண்டியதில்லை. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'சாட்ஸ்' என்பதற்குள் 'சாட் பேக்கப்' என்று ஒன்று உண்டு. இன்றிரவு படுக்கப் போகும் முன் ஒரு தடவை அதைத் தொட்டுவிடுங்கள், சகோதரிகளே!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா வீட்டு வாசலில் நாலைந்து பேர் கையில் போனுடன் நிற்பதைப் பார்த்தேன். உள்ளே அவர் மூக்குக் கண்ணாடியுடன், ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் பல் குச்சியுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஊக்கா? ஊக்கெல்லாம் போடக் கூடாது! யார் சொல்லிக் கொடுத்தது உனக்கு?" என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். நான் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன்.