திருப்பியழைக்கப்படும் மரக்கறிகள்

ஹங்கேரி நாட்டின் பாஜா நகரிலுள்ள ஆலையொன்றில் 2016 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் 2018 ஆம் ஆண்டு யூன் மாதம் வரை உற்பத்தியான உறைந்த மரக்கறிகள் அனைத்தும் விற்பனையினின்று நிறுத்தப்பட்டுத் திருப்பியழைக்கப்படல் வேண்டுமென, 2018 யூன் 29 ஆந் திகதி அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கட்டளையிட்டனர். இதற்குக் காரணமாயிருந்தது சோளம். க்ரீன்யார்ட் என்னும் நிறுவனத்தினது அவ்வாலைச் சோளத்துடன் தொடர்புடைய லிஸ்டீரியா நோயினால், 2015 முதல் அவ்வேளை வரை ஐந்து நாடுகளில் 47 பேர் பீடிக்கப்பட்டனர். அவருள் 9 பேர் மாண்டனர்.

உறையவைத்த பண்டத்திற் கிருமி மடிந்துவிடும் எனப் பலர் எண்ணுவர். லிஸ்டீரியா அவ்வாறு மடிவதில்லை. உறைநிலையில் அடங்கிக் கிடந்து, குளிர்ப்பெட்டியின் சாதாரண குளிரிலும் மெல்லப் பெருகும். நன்கு வேகவைத்தால் அழியும். ஆனால் இத்தகைய சோளத்தை வேகவைக்காது பச்சடியிற் சேர்த்து உண்போர் பலர். கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் இக்கிருமி மிகக் கொடியது; கருச்சிதைவையும் உண்டாக்கும்.

ஊவாவின் கமக்காரருக்கு இதனோடு என்ன தொடர்பு எனின், இக்கிருமியின் இயல்பான இருப்பிடம் மண்ணும், அழுகிய இலையும், சாணமும், அசுத்த நீருமேயாம். 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுப் பண்டங்களிலும் ஒரே வகைக் கிருமி காணப்பட்டமையால், கழுவித் துடைத்த பின்னரும் அது ஆலையினுள்ளேயே தங்கியிருந்தது எனத் தெரியவந்தது. ஒருமுறை உட்புகுந்ததைப் பின்னர் துரத்துதல் அத்துணை அரிது. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளையும் கரட், லீக்ஸ், கோவா, சலாது ஆகியவை பெரும்பாலும் உறையவைக்கப்படாமலே சந்தைக்குச் செல்கின்றன. எனினும் பச்சையாக உண்ணப்படும் சலாதுக்கும் கரட்டுக்கும் ஆபத்து ஒன்றே.

முதலாவது கவனம் எருவிற் செலுத்தப்படல் வேண்டும். பச்சை எருவை இட்ட நாளுக்கும், மண்ணைத் தொட்டு விளையும் மரக்கறியை அறுக்கும் நாளுக்கும் இடையில் 120 நாட்கள் செல்ல வேண்டுமென்பது அமெரிக்க இயற்கை விவசாய விதியாகும். சலாது இரண்டு மாதத்திற்குள் அறுவடையாகும். கரட்டுக்கும் ஏறக்குறைய மூன்று மாதமே. ஆகவே பாத்தி கட்டும்போது பச்சைக் கோழியெருவையோ மாட்டெருவையோ இடுதல் கூடவே கூடாது. பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் செய்யும் வயல்களில் இதற்கு எளிய வழியுண்டு: பச்சை எருவை நெல்லுக்கு நிலம் பண்படுத்தும்போதே இட்டுவிடலாம். மேட்டுநிலத்தில் எருவைக் குவித்து மட்கவைத்தே இடல் வேண்டும். குவியலின் உட்புறம் 55 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில் 15 நாட்கள் இருத்தலும், அக்காலத்தில் ஐந்து முறை புரட்டப்படுதலும் அவசியம். புரட்டாத குவியலின் வெளிப்பக்கம் வேகாத சோறு போன்றது.

அடுத்தது கழுவும் நீர். கரட்டின் மண்ணைப் போக்கி நிறத்தை எடுத்துக்காட்டினால் வியாபாரி விரும்புவான் என்பது உண்மையே. ஆனால் மேலே லயங்களின் கழிவுநீரும் மாட்டுத்தொழுவத்தின் நீரும் சேரும் ஓடையிற் கழுவிய கரட்டிலும், மண்ணோடு அனுப்பிய கரட்டே மேல். நல்ல நீர் கிடையாதவிடத்துக் கழுவாமலே அனுப்புக. கிணற்று நீரின் நிலையறியப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகலாம்.

மூன்றாவது, பலரும் வீண்வேலையெனக் கருதும் குறிப்பேடு. 2012 ஆம் ஆண்டு செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் கிழக்கு ஜேர்மனியிற் பாடசாலை உணவை உண்டவர்களுள் ஏறக்குறைய 11,000 பேர் வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் வருந்தினர். சீனாவிலிருந்து வந்த உறைந்த ஸ்ட்ரோபெரிப் பழங்களே காரணமென விரைவிற் கண்டறியப்பட்டது. அவை எத்தொகுதியைச் சேர்ந்தவை என்று தெரிந்தமையால், 22 தொன்னில் பாதிக்கு மேற்பட்டது எவர் வாயிலும் படுமுன் மீட்கப்பட்டது.

கெப்பெட்டிபொலச் சந்தையிலே பத்துத் தோட்டங்களின் கோவா ஒரே லொறியில் ஏற்றப்படுகின்றது. அதிற் குற்றமொன்று காணப்படின், குற்றமற்ற ஒன்பது பேர் எதைக் காட்டித் தம்மை நிரூபிப்பர்? சாக்கின் வாயிற் கட்டிய சிறு அட்டையில் பாத்தியின் அடையாளமும் அறுத்த திகதியும் இருப்பின் போதும். எரு இட்ட நாள், மருந்து தெளித்த நாள், சிட்டையில் அறுவடைக்கு முன் விடவேண்டுமெனக் குறித்த நாட்கணக்கு, வாங்கியவர் பெயர் ஆகியன ஏட்டில் இருத்தல் வேண்டும். விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாயப் பழக்கச் சான்றிதழுக்கும் இத்தகைய ஏடு வேண்டும்.

குற்றச் செய்தி வருமாயின் அப்பாத்தியின் அறுவடையை உடனே நிறுத்தி, அறுத்ததை வேறாக வைத்து, விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தல் வேண்டும். விலை குறைத்து ஊர்ச்சந்தையில் விற்றுவிடுதல், தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றில் அதனை இடுவதாகும். அறுவடை முடிந்ததும் ஏட்டை எறிந்துவிடலாகாது. பாஜாவிற் கட்டளை பிறந்தபோது தேடப்பட்ட பொதிகளுட் சில ஏறக்குறைய இரண்டு ஆண்டு பழையவை. ஆதலின் ஏட்டையும் இரண்டு ஆண்டுகளுக்கேனும் பேணுதல் வேண்டும்.