குறிப்பு எழுதுங்கள், கையேடு தானே வரும்!

திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயில் சுவர்களில் யார், எதற்கு, என்ன தானம் தந்தார் என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. அவற்றைப் படியெடுத்துத் தொகுத்தால் புத்தகம். புரோகிராமிலும் இப்படி ஒரு வேலை நடக்கிறது.

புரோகிராம் எழுதுபவர் கட்டளைகளுக்கு நடுவே 'இந்தப் பகுதி என்ன செய்கிறது' என்று எழுதி வைக்கும் குறிப்புக்கு கமெண்ட் என்று பெயர். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது, அது மனிதர்களுக்கு. ஜாவா மொழியில் ஒரு சாய்கோடும் இரண்டு நட்சத்திரக் குறியும் போட்டு கமெண்டைத் தொடங்கினால் போதும். ஜாவாடாக் என்ற கருவி அவற்றைத் திரட்டி, பிரவுசரில் படிக்கும் பக்கங்களாக்கித் தரும். 1996-ல் ஜாவாவின் முதல் பதிப்புடனேயே இது வந்தது. சி பிளஸ் பிளஸ் மொழிக்கு, டிமிட்ரி வான் ஹீஷ் 1997-ல் வெளியிட்ட டாக்சிஜன் இருக்கிறது. இரண்டும் இலவசம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. பில் போடும் புரோகிராமில் தள்ளுபடியை 10 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டு, கமெண்டைத் திருத்த மறந்தால், கையேட்டில் 10 என்றே வரும். கருவி படியெடுக்கும், சரிபார்க்காது. உங்களுக்குப் பின் வருபவரோ கையேட்டைத்தான் நம்புவார். எனவே கட்டளையை மாற்றும் கையோடு கமெண்டையும் மாற்றிவிடுங்கள்.