மனவுறுதியும் காணி உறுதியும்

"மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்." வீட்டையும் தோட்டத்தையும் இழந்து நிற்கும் குடும்பத்திடம் வருவோர் போவோர் எல்லாரும் சொல்லும் வார்த்தை இது. 1977, 1983 கலவரங்களில் லயங்களை விட்டு ஓடியவர்களும் இதைக் கேட்டார்கள். 2007 சனவரியில் வலப்பனைப் பகுதியில் மண் சரிந்தபோதும், 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தபோதும் இதையே சொன்னார்கள். சொல்வது எளிது. ஆனால் அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? சிலருக்கு அது பிறவியிலேயே கிடைப்பதா, அல்லது எல்லாரும் வளர்த்துக்கொள்ளக் கூடியதா? இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

கவ்வாத்து காட்டும் பாடம்

உடப்புசல்லாவை மலைகளில் வாழும் எமக்குக் கவ்வாத்து பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெட்டிவிடுகிறோம். இலையெல்லாம் போய், வெறும் கட்டை நிற்கிறது. இலை இல்லாத செடியால் தனக்கு வேண்டிய உணவைத் தயாரிக்க முடியாது. இருந்தும் சில வாரங்களில் துளிர் விடுகிறது. காரணம், வேரில் முன்பே சேர்த்து வைத்த மாச்சத்து. அந்தச் சேமிப்புக் குறைந்த செடியை வெட்டினால் அது பட்டுப்போகும். ஆகவேதான் நலிந்த செடிகளைச் சில காலம் கொழுந்து பறிக்காமல் ஓயவிட்டு, பிறகு வெட்டும்படி சொல்கிறார்கள்.

மனிதரும் இப்படித்தான். மனவுறுதி என்பது கல்லைப் போல் இறுகிப்போவது அல்ல. அழாமல் இருப்பதும் அல்ல. வெட்டுப்பட்ட பிறகு துளிர்ப்பதற்கு வேரில் இருக்கும் சேமிப்பே மனவுறுதி.

ஒரு தோட்டத் தீவில் கண்டது

இந்தச் சேமிப்பு எதனால் ஆனது என்பதை நீண்ட காலம் ஆராய்ந்தவர் எமி வெர்னர் என்ற உளவியலாளர். பசிபிக் சமுத்திரத்தில் உள்ள ஹவாய்த் தீவுகளில் ஒன்று கவாய். அங்கும் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய யப்பான், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்து கூலிகளாக மக்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1955 ஆம் ஆண்டு அத்தீவில் பிறந்த 698 குழந்தைகளை வெர்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள்.

வறுமை, குடிப்பழக்கம், குடும்பச் சண்டை எனப் பல துன்பங்கள் ஒன்றுசேர்ந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்ல நிலைக்கு வந்தார். அவர்களிடம் சில பொதுவான விடயங்கள் காணப்பட்டன. அவர்களை மனமார ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவராவது இருந்தார்: அப்பாயி, அம்மாயி, அக்கா, ஆசிரியர் என யாராகவும் அவர் இருக்கலாம். வீட்டில் அவர்களுக்கென ஒரு பொறுப்பு இருந்தது. பெருமைப்படத்தக்க ஒரு திறமை இருந்தது. பலருக்கு இறைநம்பிக்கையும் அதைச் சார்ந்த சமூகமும் துணை நின்றன. இளவயதில் வழிதவறியவர்களிலும் பெரும்பாலானோர் முப்பது, நாற்பது வயதுக்குள் மீண்டெழுந்தார்கள். ஆகவே காலம் கடந்துவிட்டது என்று எவரையும் கைவிட வேண்டியதில்லை.

எம்மவர் ஒருவர்

முத்தையா முரளிதரனை அறியாதவர் இல்லை. அவருடைய பாட்டனார் 1920களில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக வந்தவர். 1977 கலவரத்தில் அவரது தந்தையாரின் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. அப்போது தம் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் சிங்கள மக்களே என்று முரளிதரன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில், பல்லாயிரம் பேர் பார்த்திருக்க, நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழு தடவை அவரது பந்தை 'நோ போல்' என்றார். பந்தை வீசாமல் எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கை அவருடையது. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை ஒதுக்கிவிடவில்லை. மறுமுனையிலிருந்து வீசச் செய்தார். அங்கே தடை வரவில்லை. 1996 இல் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் தம் கையைச் சோதனைக்கு உட்படுத்தினார் முரளிதரன். சர்வதேச கிரிக்கெட் சபை அவரைத் தொடர்ந்து விளையாட அனுமதித்தது. 1999 இல் மீண்டும் பழி வந்தது. மீண்டும் பந்து வீசினார்.

2010 யூலையில் காலியில் நடந்த இந்தியாவுக்கு எதிரான போட்டியே தமது கடைசி டெஸ்ட் என்று முன்கூட்டியே அறிவித்தார். அப்போது அவரிடம் இருந்தவை 792 விக்கெட்டுகள். 800 ஐ எட்ட எட்டு வேண்டும். இன்னொரு போட்டி கிடையாது. எட்டாவதைக் கடைசி நாளில், இந்திய அணியின் இறுதி விக்கெட்டாகவே எடுத்தார்.

அவருடைய திறமை எமக்கு வராது. ஆனால் அவர் நடந்த வழி எமக்கும் உரியது. பழி வந்தபோது பக்கத்தில் நிற்க ஒருவர் இருந்தார். உண்மையை நிரூபிக்கச் சான்றுகளைத் தேடினார். நடுவரின் தீர்ப்பு அவர் கையில் இல்லை. அடுத்த பந்து அவர் கையில் இருந்தது. அதைச் சரியாக வீசினார்.

நாம் செய்யக்கூடியவை

1. தங்குமிடத்திலும் நாள் ஒழுங்கைக் காப்போம். எழுவதற்கும் உண்பதற்கும் பாடசாலைக்கும் நேரம் இருக்கட்டும்.

2. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பொறுப்பைக் கொடுப்போம்: தண்ணீர் எடுத்தல், தம்பியைக் கவனித்தல், பெட்டியில் நாலு லீக்ஸ் நாற்றை வளர்த்தல்.

3. எம் கையில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்துப் பார்ப்போம். மழையும் அதிகாரிகளின் முடிவும் எம் கையில் இல்லை. விண்ணப்பத்தின் பிரதியைப் பத்திரப்படுத்துவதும், கொடுத்த தேதியை எழுதி வைப்பதும் எம் கையில் உண்டு.

4. துன்பத்தைப் பேசுவோம். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, குடி கூடுகிறது, உயிர் எதற்கு என்ற எண்ணம் வருகிறது என்றால் அது கோழைத்தனம் அல்ல. சிகிச்சை வேண்டிய நோய். வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

பொறுமைக்கும் எல்லை உண்டு

இறுதியாக ஒன்று. மீரியபெத்தைக் குடும்பங்கள் பல, புதிய வீடு கிடைக்கும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கியிருந்தன. "எமது மக்கள் எதையும் தாங்குவார்கள்" என்று புகழ்கிறவர்கள் சிலர், தாங்கட்டும் என்று விட்டும் விடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லய அறைக்கு எம்மில் பெரும்பாலோரிடம் உறுதி இல்லை. மனவுறுதி ஒருபோதும் காணி உறுதிக்குப் பதிலாகாது. மாறாக, காணி உறுதி கைக்கு வரும்வரை சலிக்காமல், பிரியாமல், ஒன்றாகச் சென்று கேட்பதற்கே மனவுறுதி வேண்டும்.

குழுவில் கலந்துரையாட

- எமது தங்குமிடத்தில் தனித்துப்போயிருக்கும் பிள்ளை யார்? அப்பிள்ளைக்குத் துணையாக இருக்கப்போகும் பெரியவர் யார்?
- வீடு, காணி தொடர்பாக இதுவரை யாரிடம் என்ன கேட்டோம்? அதன் பிரதி யாரிடம் உள்ளது?