பாதியில் விட்ட படிப்பு வீணாகாது: பழைய கிரெடிட்டுடன் சமுதாயக் கல்லூரியில் சேர்வது எப்படி?

குடும்பச் சூழ்நிலை, வேலை, கல்யாணம், உடம்பு சரியில்லாதது என்று ஏதோ ஒரு காரணத்தால் கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மூன்று செமஸ்டர் படித்திருப்பார்கள். பரீட்சை எழுதிப் பாஸும் பண்ணியிருப்பார்கள். ஆனால் "டிகிரி முடிக்கலை" என்ற ஒரு வார்த்தையில் அந்த ஒன்றரை வருஷமும் கணக்கில் வராமல் போய்விடும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது படிப்பு என்ற கட்டத்தில் 'பிளஸ் டூ' என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

இப்போது இதற்கு ஒரு வழி இருக்கிறது. நீங்கள் பாஸ் செய்த பாடங்களின் கிரெடிட்டைச் சேமித்து வைத்து, பிறகு வேறொரு கல்லூரியில் பயன்படுத்திக்கொள்ளலாம். அதை வைத்துச் சமுதாயக் கல்லூரியில் ஒரு தொழில் டிப்ளமோவை முடிக்கலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கிரெடிட் உங்கள் கணக்கில் இருப்பது வேறு. புதிய கல்லூரி அதை ஏற்றுக்கொள்வது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்து சேர்ந்தால் பணமும் மிச்சம், காலமும் மிச்சம்.

கிரெடிட் என்றால் என்ன?

உங்கள் செமஸ்டர் மார்க் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் 3, 4, 5 என்று ஒரு சின்ன எண் இருக்கும். அதுதான் கிரெடிட். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வீதம் ஒரு செமஸ்டர் முழுக்க நடக்கும் வகுப்புக்கு 1 கிரெடிட் என்பது பொதுவான கணக்கு. லேப் என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம்.

மார்க் வேறு, கிரெடிட் வேறு. 4 கிரெடிட் பாடத்தில் 50 மார்க் வாங்கிப் பாஸ் ஆனாலும், 95 வாங்கினாலும் கிடைப்பது அதே 4 கிரெடிட்தான். அரியர் இருக்கும் பாடத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

முன்பு படித்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்வது நமக்குப் புதுசும் இல்லை. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்கிறார். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்கிறார். ஆனால் இதற்கு முந்தைய படிப்பை முழுசாக முடித்திருக்க வேண்டும். கிரெடிட் முறையில் படிப்பை முடிக்காதவருக்கும் வாய்ப்பு உண்டு என்பதுதான் வித்தியாசம்.

சமுதாயக் கல்லூரியில் என்ன படிக்கலாம்?

உள்ளூரில் வேலை கிடைக்கும் தொழில்களைக் குறைந்த காலத்தில் கற்றுத்தருவதற்காக வந்தவை சமுதாயக் கல்லூரிகள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி 1995-லும், சென்னை சமுதாயக் கல்லூரி 1996-லும் தொடங்கின. பின்னர் பல்கலைக்கழக மானியக் குழுவும், அதாவது யுஜிசியும், கல்லூரிகளுக்குள்ளேயே இவற்றை நடத்தத் திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்து சான்றிதழ், டிப்ளமோ படிப்புகளை நடத்தியிருக்கிறது.

யுஜிசி 2015-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, அதன் திட்டத்தில் நடக்கும் படிப்புகளின் கிரெடிட் கணக்கு இப்படி:

• சான்றிதழ் படிப்பு: 6 மாதம், 30 கிரெடிட் (தொழில் பயிற்சி 18, பொதுக்கல்வி 12)
• டிப்ளமோ: 1 ஆண்டு, 60 கிரெடிட் (தொழில் பயிற்சி 36, பொதுக்கல்வி 24)
• அட்வான்ஸ்டு டிப்ளமோ: 2 ஆண்டு, 120 கிரெடிட் (தொழில் பயிற்சி 72, பொதுக்கல்வி 48)

மூன்றாவது ஆண்டும் தொடர்ந்தால் பி.வோக் பட்டம் வரை போகலாம். இந்தப் பட்டியலில் 'பொதுக்கல்வி' என்று இருப்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய கிரெடிட் பெரும்பாலும் அங்கேதான் பொருந்தும்.

உங்கள் கிரெடிட் எங்கே இருக்கிறது?

2021 ஜூலையில் யுஜிசி ஒரு விதிமுறையை அறிவித்தது. அதன்படி உருவானதுதான் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்', சுருக்கமாக ஏபிசி. வங்கிக் கணக்கு மாதிரியேதான். ஆனால் இதில் போடுவதும் எடுப்பதும் பணம் இல்லை, கிரெடிட். கணக்கு மாணவர் பெயரில் இருக்கும். கிரெடிட்டைப் போடுவது மட்டும் கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்தின் வேலை. மார்க் ஷீட்டை நீங்களே ஸ்கேன் பண்ணி அனுப்பினால் ஏபிசி ஏற்காது.

கணக்கு எண் 12 இலக்கம் கொண்டது. இப்போது இதை 'அபார் ஐடி' என்கிறார்கள். டிஜிலாக்கர் செயலி வழியாக இலவசமாகப் பெறலாம்.

1. டிஜிலாக்கர் செயலியை நிறுவி, ஆதாருடன் இணைந்த மொபைல் எண்ணைக் கொடுத்து நுழையுங்கள்.
2. தேடல் பகுதியில் 'அபார்' அல்லது 'ஏபிசி ஐடி' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள்.
3. பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆகியவை ஆதாரிலிருந்து தானாக வரும். கல்லூரியின் பெயர், சேர்ந்த ஆண்டு, பதிவெண் ஆகியவற்றை மட்டும் நிரப்புங்கள்.
4. ஒப்புதல் கொடுத்ததும் ஐடி உருவாகும். ஏற்கெனவே உங்களுக்கு ஐடி இருந்தால் அதே எண்தான் வரும்.
5. இதே டிஜிலாக்கர் கணக்கைக் கொண்டு ஏபிசி இணையதளத்தில் நுழைந்தால் எவ்வளவு கிரெடிட் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

இதில் நம்ம ஊர்க்காரர்களுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. அது இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். மார்க் ஷீட்டில் வெறும் எழுத்து இருக்கும். இல்லையென்றால் இனிஷியல் ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கிரெடிட்டைக் கணக்கில் சேர்ப்பதில் தடை வரலாம். அதனால் முதலில் பெயரைச் சரிபாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் ஆதாரில் செய்வதா, கல்லூரிப் பதிவில் செய்வதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு மாற்றுங்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது.

கணக்கு காலியாக இருந்தால்?

ஐடி எடுத்ததும் கிரெடிட் தானாக வந்துவிடாது. பழைய கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி என்றால், கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தை அணுகுங்கள். இணைப்புக் கல்லூரி என்றால், பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். பதிவெண், படித்த ஆண்டு, அபார் ஐடி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மார்க் ஷீட் நகல்களை இணைத்து, "என் கிரெடிட்டை ஏபிசியில் பதிவேற்றித் தாருங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

56 கிரெடிட் இருந்தால் 56-ம் செல்லுமா?

செல்லாது. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் பி.காம் மூன்று செமஸ்டர் படித்து 56 கிரெடிட் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சில்லறை வணிக மேலாண்மையில் 60 கிரெடிட் டிப்ளமோ சேர விரும்புகிறார்.

அதில் 36 கிரெடிட் தொழில் பயிற்சி. கடையில், கிடங்கில் நேரடியாகச் செய்து பழக வேண்டியது. பி.காம் வகுப்பில் படித்தது அதற்கு ஈடாகாது. மீதி 24 பொதுக்கல்வி. இதில் இரண்டு ஆங்கிலப் பாடத்துக்கு 6, கணினி அடிப்படைக்கு 4, வணிகத் தகவல்தொடர்புக்கு 4 எனப் புதிய பாடத்திட்டத்தோடு பொருந்துவது 14 கிரெடிட் என்று வையுங்கள். அப்படியானால் 60-ல் 14 கழிந்து, அவர் படிக்க வேண்டியது 46.

56 எங்கே, 14 எங்கே என்று தோன்றலாம். ஆனால் மீதி 42 கிரெடிட் அழிந்துவிடவில்லை. கணக்கிலேயே இருக்கும்.

இன்னொரு வரம்பும் உண்டு. ஏபிசி விதிமுறைப்படி, பட்டமோ டிப்ளமோவோ தரும் நிறுவனத்தில் குறைந்தது 50 சதவீதக் கிரெடிட்டை நீங்கள் படித்துப் பெற்றிருக்க வேண்டும். அதாவது 60 கிரெடிட் டிப்ளமோவுக்கு வெளியிலிருந்து அதிகபட்சம் 30 தான் கொண்டுவர முடியும்.

முக்கியமாக, ஒரு முறை பயன்படுத்திய கிரெடிட்டை மறுபடியும் பயன்படுத்த முடியாது. மேலே சொன்னவர் நாளைக்கு பி.காம் முடிக்கத் திரும்பினால், டிப்ளமோவுக்குக் கொடுத்த 14 கிரெடிட் கணக்கில் இருக்காது. டிகிரியை முடிப்பதுதான் உங்கள் குறிக்கோள் என்றால், டிப்ளமோவுக்காகக் கிரெடிட்டைச் செலவழிப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள். உடனே ஒரு தொழில் வேண்டும் என்றால் தயங்க வேண்டாம்.

ஏழு வருஷக் கெடு

கிரெடிட்டுக்கு ஆயுள் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். 2021-22 கல்வியாண்டு முதல் வாங்கிய கிரெடிட்தான் ஏபிசியில் செல்லும். முதல் ஆண்டான 2021-22-ல் வாங்கியவற்றுக்கு 2028-29-ல் ஏழு ஆண்டு நிறைகிறது. "பிள்ளை கொஞ்சம் பெரிசாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பு படித்தவர்கள் என்ன பண்ணலாம்?

2021-க்கு முன்பு படித்தவர்களுக்கு ஏபிசி வழி இல்லை. அவர்கள் புதிய கல்லூரியிலேயே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய பாடமும் புதிய பாடமும் ஒத்துப்போகிறதா என்று கல்லூரியோ பல்கலைக்கழகமோ ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யும். இதற்கு மார்க் ஷீட் மட்டும் போதாது. நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்ட நகலும் வேண்டும். பல பல்கலைக்கழகங்களின் இணையதளத்தில் பழைய பாடத்திட்டங்கள் கிடைக்கின்றன. இல்லாவிட்டால் துறைத் தலைவரிடம் கேட்டு, கையெழுத்தும் முத்திரையும் போட்டு வாங்குங்க.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

• இந்தப் படிப்புக்கு யார் சான்றிதழ் தருகிறார்கள்? அந்த நிறுவனம் ஏபிசியில் பதிவு செய்திருக்கிறதா?
• என் கிரெடிட்டில் எத்தனை, எந்தெந்தப் பாடத்துக்கு ஏற்கப்படும்?
• நான் இன்னும் எத்தனை கிரெடிட் படிக்க வேண்டும், எத்தனை மாதம் ஆகும்?
• ஏற்கப்பட்ட பாடங்களுக்குக் கட்டணம் குறையுமா?
• இந்த டிப்ளமோவுக்குப் பிறகு அட்வான்ஸ்டு டிப்ளமோ அல்லது பி.வோக் தொடர முடியுமா?

பதிலை வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ வாங்குங்கள். "முதல்ல சேருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால், பணம் கட்டுவதைத் தள்ளிவையுங்கள். கிரெடிட் மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம். ஓடிபியையும் டிஜிலாக்கர் பின் எண்ணையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

சான்றிதழ் கையில் இல்லையா?

மார்க் ஷீட் தொலைந்திருந்தால், தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் தொலைந்த ஆவண அறிக்கையை வீட்டிலிருந்தே பெறலாம். அதை இணைத்து, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் படிக்கு விண்ணப்பியுங்கள். வெள்ளம், தீ போன்ற பேரிடரில் ஆவணங்கள் போயிருந்தால், கல்வி ஆவணங்களை இழந்ததற்கான வருவாய்த்துறைச் சான்றை இ-சேவை மையம் வழியாகப் பெறலாம்.

படிப்பை விட்டவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. தர மறுத்தால் முதலில் முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் யுஜிசியின் இ-சமாதான் இணையதளத்தில் புகார் செய்யலாம். அரசுக் கல்லூரி சம்பந்தப்பட்டது என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100-ஐயும் அழைக்கலாம்.

இதில் இன்றைக்கே முடிக்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. டிஜிலாக்கரைத் திறந்து அபார் ஐடியை எடுத்து, கணக்கில் கிரெடிட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு அருகில் உள்ள சமுதாயக் கல்லூரிக்குப் போய் மேலே உள்ள ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். இல்லையென்றால், பழைய கல்லூரிக்குக் கடிதம் எழுதுவதிலிருந்து தொடங்குங்கள்.