பஸ் வருமுன்பே பயணிகளை எண்ணுவது எப்படி?

ஒரு வட்டாரத்துக்கு ரயில் பாதை போட்டு முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அது ஓடத் தொடங்கும் நாளில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதையோ, வேலை தொடங்கும் முன்பே சொல்லியாக வேண்டும். கூட்டிச் சொல்லிவிட்டால் காலிப் பெட்டிகள் ஓடும், கடன் ஏறும். குறைத்துச் சொன்னால் நெரிசலில் மூச்சு முட்டும். இதைச் சோதிடரிடம் கேட்டுப் பயனில்லை.

முதலில் வட்டாரத்தைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்துக் கொள்கிறார்கள். நம் தோட்டமும் பக்கத்துக் கம்பமும் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்வோம். அங்கே எத்தனை வீடுகள், வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர், பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்த்து, ஒரு நாளில் எத்தனை பயணங்கள் கிளம்பும் என்று மதிப்பிடுகிறார்கள். அவை எங்கே போய்ச் சேரும்? வேலையும் கடைகளும் மிகுந்த பட்டணம் பலரை இழுக்கும். தூரம் கூடக் கூட அந்த இழுப்புக் குறையும். பிறகு மோட்டார் சைக்கிளா, பஸ்ஸா, காரா என்ற கேள்வி. கடைசியாக, எந்தச் சாலையில் எவ்வளவு நெரிசல் என்பது.

இவற்றுள் வாகனக் கேள்விதான் கடினம். அது மனித மனத்தைப் பொறுத்தது அல்லவா! அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா வட்டாரத்தில் 1972இல் ‘பார்ட்’ என்னும் மின்ரயில் ஓடத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு 15 பேர் அதில் ஏறுவார்கள் என்றது அதிகாரபூர்வக் கணிப்பு. பெர்க்கிலி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் மெக்ஃபேடனும் அவருடைய குழுவினரும் வேறு வழியில் சென்றார்கள். சில நூறு பேரின் பயணங்களைத் தனித்தனியே ஆராய்ந்தார்கள். எவ்வளவு நேரம் நடக்கிறார், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், கட்டணம் எவ்வளவு என்று பார்த்தார்கள். அவர்கள் கணக்கில் வந்தது 6.3 பேர். ரயில் ஓடிய பிறகு எண்ணிப் பார்த்ததில் 6.2 பேர்! மெக்ஃபேடனுக்கு 2000இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் அதில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

நடையின் பாரம் நமக்குத் தெரியாததா? கைக்குழந்தையோடு மழையில் சிம்பாங் வரை நடந்து, அங்கே பஸ்ஸுக்கு நிற்கும் பத்து நிமிடம், பஸ்ஸில் உட்கார்ந்து போகும் பத்து நிமிடத்துக்குச் சமமாகாது. அதனால்தான் கணிப்பாளர்கள், காத்திருக்கும் ஒரு நிமிடத்தைப் பயணத்தின் ஏறத்தாழ இரண்டு நிமிடங்களாக எண்ணுவது வழக்கம்.

இந்த முறையில் நம்மைப் போன்றவர்களைப் பாதிக்கும் ஓர் ஓட்டை உண்டு. வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளர் பெரும்பாலும், “நேற்று எங்கெங்கே போனீர்கள்?” என்றுதான் கேட்பார். வண்டி கிடைக்காததால் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிட்ட பாட்டியின் பயணம் அந்தத் தாளில் பூஜ்யம். பஸ் இல்லாததால் போகவில்லை. போகாததால் பஸ் தேவையில்லை என்று கணக்கு முடிந்துவிடும். ஆகவே அவர் வரும்போது, போன இடங்களோடு, போக முடியாமல் விட்ட இடங்களையும் அதற்கான காரணத்தையும் சொல்லுங்கள். தாளில் கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.